டம்ளர் இருக்கு, தண்ணி?

ஜனவரி 5, திங்கள்

இந்த டைரி ஓசி. சரக்கு அனுப்பும் மில்காரர்கள் வருஷா வருஷம் அனுப்புவார்கள், நானும் வருஷா வருஷம் யார் தலையிலாவது கட்டிவிடுவேன். இந்தத் தடவை அட்டையில் என் பெயரைப் பொன் எழுத்தில் அடித்து அனுப்பிவிட்டார்கள். பெயர் போட்ட பொருளை அடுத்தவனுக்குக் கொடுக்க முடியாது. எழுதித் தொலைக்கிறேன்.

பெயர் வெ. சங்கரபாண்டி. தெற்கு பஜாரில் எவர்சில்வர் பாத்திரக்கடை. தள்ளுவண்டியில் அலுமினியக் கிண்ணம் விற்று ஆரம்பித்தவன். இன்று வியாபாரிகள் சங்கத்தின் ஆரம்பப் பள்ளிக்கு நான்தான் செயலாளர். அடுத்த மாதம் சங்கத் தலைவர் தேர்தல். எதிர்த்து நிற்பவர் எண்ணெய்க்கடை தவசிலிங்கம். ஜெயிக்க வேண்டும். வேறு பேச்சுக்கு இடமில்லை.

பொங்கல் வியாபாரம் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்த நேரத்தில் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் சுடர்க்கொடி கடைக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம், இன்னும் தற்காலிகம்தான்.

"சார், பழைய டம்ளர் இருந்தா குடுங்க. நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை."

"எதுக்கும்மா?"

"மூணாம் வகுப்புக்குத் தாளம் சொல்லிக் குடுக்கணும். வட்டமா உட்கார்ந்து டம்ளரைத் தட்டி, பக்கத்துப் பிள்ளைகிட்டத் தள்ளி விளையாடணும்."

"விளையாடினா தாளம் வந்துருமா?"

"தொடையில தட்டி எண்ணச் சொன்னா தூக்கம்தான் சார் வரும். உள்ளுக்குள்ள ஒண்ணு ஒரே சீரா ஓடிக்கிட்டிருக்கணும். அது விளையாட்டுல தானா வந்துரும்."

"ஓடினா என்ன கிடைக்கும்?"

"மத்தவங்களோட சேர்ந்து நடக்க வரும்."

"பஜார்ல யாரும்மா சேர்ந்து நடக்கிறான்?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. நான் யோசித்தேன். ஆண்டு விழாவில் நாற்பது பிள்ளைகள் மேடையில் டம்ளரோடு உட்காரும். கீழே ஓட்டுப் போடுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பழசு எதற்கு, புதிதாகவே தருகிறேன், பெயர் வெட்டித் தருகிறேன் என்றேன்.

"பேரெல்லாம் வேண்டாம் சார். வெறும் டம்ளர் போதும்."

பாத்திரம் வாங்கத் தெரியாத பெண். பெயர் வெட்டாத பாத்திரம் கல்யாண வீட்டுக்குப் போனால் திரும்பி வருமா?

ஜனவரி 7, புதன்

கடையில் பெயர் வெட்டும் சுப்பையாவிடம் நாற்பது டம்ளரையும் கொடுத்தேன். "உபயம் வெ. சங்கரபாண்டி" என்று வெட்டச் சொன்னேன். எந்த இடத்தில் என்றான். வாய் வைக்கிற விளிம்புக்குக் கீழே, சுற்றிவர. எவ்வளவு பெரிசாக என்றான். கடைசி வரிசையிலிருந்து படிக்க வேண்டும் என்றேன்.

"ஆழமா வெட்டட்டுமா, லேசா வெட்டட்டுமா முதலாளி?"

"ஏழு தலைமுறைக்கு அழியக்கூடாது."

ஆழமாக வெட்டினான். தடவிப் பார்த்தால் விரலில் தட்டுகிறது.

ஜனவரி 12, திங்கள்

பள்ளிக்கூடம் போய் வகுப்பைப் பார்த்தேன். நான் உள்ளே நுழையும்போது பிள்ளைகள் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் கப்பென்று நிறுத்திவிட்டு "தட்டு, தட்டு, தள்ளு, சும்மா" என்று ஆரம்பித்தார்கள். செயலாளர் என்றால் அந்த மரியாதை இருக்கத்தானே செய்யும்.

விளையாட்டு இதுதான். இரண்டு தட்டு தட்டி, மூன்றாவதற்கு டம்ளரை வலப்பக்கம் தள்ள வேண்டும். நான்காவது "சும்மா". அந்த நேரத்தில் கை அசையக்கூடாது, வாய் திறக்கக்கூடாது. மனசுக்குள் மட்டும் அந்தத் தட்டு விழ வேண்டும். அசைந்தவன், வாய் திறந்தவன் அவுட். எழுந்து வெளியே போய் நிற்க வேண்டும். பிள்ளைகள் தட்டும்போதும் தள்ளும்போதும் தப்பு செய்வதில்லை. அந்தச் சும்மாவில்தான் மாட்டுகிறார்கள். வியாபாரத்திலும் அப்படித்தான். விலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். முதலில் பேசுகிறவன் தோற்றான். அதை டீச்சரிடம் சொன்னேன். "அப்ப உங்களுக்கு இது நல்லா வரும் சார்," என்றது.

என் மகன் முகிலனும் மூன்றாம் வகுப்புதான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவன். முதல் ஆளாக அவுட். அடுத்த ஆட்டத்திலும் முதல் ஆள் அவன்தான். தட்டவே இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவனே எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுகொண்டான்.

அவன் அம்மா கோமதியின் வம்சத்தில் எவனுக்கும் தாளம் கிடையாது. கல்யாண வீட்டில் அவள் அண்ணன் ஆடியதை நான் பார்த்திருக்கிறேன்.

வரும்போது ஒரு பிள்ளை காலி பாட்டிலை வாயில் கவிழ்த்து நக்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் தண்ணீர் இல்லை. தீபாவளிக்கு முன்பே போர் வற்றிவிட்டது. வீட்டிலிருந்து கொண்டுவரும் பாட்டில் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. பார்க்க வேண்டும்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கடையில் பானை ஒன்றுகூட மிச்சமில்லை. வீட்டுக்கு ஓட்டைப் பானைதான் வந்தது. கோமதி அதையும் சொல்லிக் காட்டிவிட்டாள்.

ஜனவரி 19, திங்கள்

காலையில் கோமதி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். முகிலன் கரண்டியால் தட்டின் விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தான். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கத்தியும் கரண்டியும் ஒரே நேரத்தில் விழுந்தன. இரண்டு தட்டு, ஒரு தள்ளு, ஒரு சும்மா. அவள் கத்தியைத் தூக்கிப் பிடித்து நிறுத்துகிற இடத்தில் அவன் கரண்டியும் நிற்கிறது. ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை.

"இவ்வளவு நல்லா வருதே, பள்ளிக்கூடத்துல என்னடா வந்துச்சு உனக்கு?"

கரண்டியை வைத்துவிட்டான்.

"கேக்கிறேன்ல?"

"ஒண்ணுமில்லப்பா."

கோமதி என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. வெங்காயம் நறுக்கிய எரிச்சல் போலிருக்கிறது.

இன்னொன்று. வீட்டு டம்ளர் அத்தனையிலும் என் பெயர்தான் இருக்கிறது. பையன் இப்போது பிளாஸ்டிக் பாட்டிலில்தான் தண்ணீர் குடிக்கிறான். எவர்சில்வர் கடைக்காரன் வீட்டில் பிளாஸ்டிக். வெளியே தெரிந்தால் மானம் போகும்.

ஜனவரி 21, புதன்

பள்ளிக் குழுக் கூட்டம். தவசிலிங்கத்தின் மனு மறுபடி வந்தது. நகராட்சிக் குழாயில் இணைப்பு எடுத்து, தொட்டி கட்டி, நாலு குழாய் வைத்துத் தருகிறாராம். ஐப்பசியில் கொடுத்த மனு. பைப்பு, தொட்டி எல்லாம் அவர் குடோனில் அன்றைக்கே வாங்கி அடுக்கியாகிவிட்டது. என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"பரிசீலனையில் உள்ளது" என்று எழுதி வைத்தேன்.

எனக்கு யாரிடமும் பயம் இல்லை, ஆகையால் இங்கே உள்ளதை எழுதலாம். என் டம்ளர் ஒரு சாண்கூட இல்லை. அவர் தொட்டி ஆள் உயரம். அதில் "உபயம் தவசிலிங்கம்" என்று எழுதினால் பஸ் ஸ்டாண்டிலிருந்து தெரியும். தேர்தல் முடியட்டும், நானே இரண்டு தொட்டி வைக்கிறேன். பிள்ளைகளுக்கு என்ன, ஒரு மாதம் பாட்டிலில் குடித்தால் ஆகாதா?

ஹெட்மாஸ்டர் ஏதோ சொல்ல வந்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஜனவரி 24, சனி

டீச்சரைக் கடைக்கு வரவழைத்தேன். ஆண்டு விழாவில் கடைசிவரை அவுட் ஆகாமல் முகிலன்தான் நிற்க வேண்டும் என்றேன். மைக்கில் பெயர் சொல்லிக் கைதட்ட வேண்டும்.

"அவனை யாரும் வெளியே அனுப்பலை சார். அவனே எந்திரிச்சுப் போறான்."

"அது உங்க வகுப்பும்மா. நீங்கதான் உட்கார வைக்கணும்."

"உட்கார முடியாத மாதிரி இருந்தா?"

"என்ன, தரையில முள்ளா போட்டு வச்சிருக்கீங்க?"

"நான் போடலை சார்."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நேராகப் பேச வராது. மார்ச்சில் வேலை நிரந்தரக் கோப்பில் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று சும்மா ஒரு வார்த்தை போட்டு வைத்தேன். மிரட்டல் இல்லை. தகவல்.

"தெரியும் சார்," என்றது. போகும்போது கண்ணாடி அலமாரியில் இருந்த டம்ளரை நகத்தால் ஒரு சுண்டு சுண்டிவிட்டுப் போனது.

ஜனவரி 28, புதன்

ஒரு அம்மா குத்துவிளக்கு பார்க்க வந்தாள். கூடவே மகள் பேச்சிப்பிரியா. முகிலன் வகுப்புத்தான், இரட்டைச் சடை, முன்பல் இல்லை. தாய்க்காரி விலை பேசிக்கொண்டிருக்கும்போது குட்டி கல்லாப்பெட்டி ஓரத்தில் டம்ளரைத் தட்டிப் பாட ஆரம்பித்தது.

உபயம் சங்கர பாண்டி
டம்ளர் இருக்கு தண்ணி?

தாய்க்காரி அதன் தொடையில் கிள்ளினாள். "வாய மூடு மூதேவி. முதலாளி, ஒண்ணும் நினைச்சுக்காதீங்க."

நான் சிரித்தேன். வியாபாரத்தில் சிரிக்கத் தெரியாவிட்டால் முடியாது. ஒரு சின்னக் கரண்டியை எடுத்துக் கையில் கொடுத்து, "நல்லாருக்கே, முழுசாப் பாடு," என்றேன்.

"அவ்வளவுதான்," என்றது. "ரெண்டு வரிதான். திரும்பத் திரும்பப் பாடணும். தண்ணின்னு கேட்டுட்டு சும்மா இருக்கணும். அப்ப யாரும் பேசக்கூடாது. ஆனா எல்லாருக்கும் சிரிப்பு வந்துரும்."

"யாரு பாடினா முதல்ல?"

"யாருமில்ல. டம்ளர்ல எழுதியிருந்துச்சு, படிச்சோம். முகிலன் மட்டும் பாட மாட்டான். நாங்க ஆரம்பிச்சதும் டம்ளரைக் கீழ வச்சிட்டு அவுட்டுன்னு போயிருவான். அவன் அவுட்டே இல்ல."

தாய்க்காரி கேட்ட விலைக்கே விளக்கைக் கொடுத்துவிட்டேன்.

கடையைச் சீக்கிரம் அடைத்தேன். முழங்கால் வலி.

ஜனவரி 29, வியாழன்

முழங்கால் வலி.

ஜனவரி 30, வெள்ளி

பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரை ஒரு பிடி பிடித்தேன்.

"இந்தப் பாட்டை நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

"இல்லை சார். தட்டுறதுக்கு வார்த்தை வேணும்னு அவங்களே படிச்சாங்க. முதல் வரி டம்ளர்ல இருந்துச்சு. ரெண்டாவது வரி மத்தியான வகுப்புல வந்துச்சு, தண்ணி தீர்ந்த நேரம்."

"நிறுத்தியிருக்கலாம்ல?"

"பாடாதீங்கன்னு நாலு தடவை சொன்னேன். இப்ப நான் இல்லாதப்ப பாடுறாங்க. என்ன தப்பாப் பாடுறாங்கன்னு கேட்டாங்க சார். எனக்கு பதில் தெரியலை."

"என் பையன் இருக்கான்ல அங்க?"

அதற்கு அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. விலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் வித்தை அதற்கும் தெரிந்திருக்கிறது. நான்தான் முதலில் பேசினேன். "டம்ளரெல்லாம் மங்கிப் போச்சு. மெருகு போட எடுத்துட்டுப் போறேன்," என்றேன்.

நாற்பதையும் மூட்டை கட்டி சுப்பையாவிடம் போட்டேன். பெயரைத் தேய்த்து எடுக்கச் சொன்னேன்.

"எடுக்க முடியாது முதலாளி. தேய்ச்சா டம்ளர்தான் ஓட்டையாகும். ஆழமா வெட்டச் சொன்னீங்களே."

வேறு நாற்பது புது டம்ளர் எடுத்தேன், வழவழவென்று, பெயர் ஊர் எதுவும் இல்லாமல். பழசு வீட்டுப் பரணில் கிடக்கிறது. எங்கள் வீட்டில் ஏழு தலைமுறைக்கு டம்ளர் பஞ்சம் வராது.

பிப்ரவரி 3, செவ்வாய்

புது டம்ளரைக் கொடுத்து ஒருநாள் ஆகிறது. மத்தியானம் பள்ளிக்கூடச் சுவர் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றேன். வெயிலுக்கு.

உபயம் சங்கர பாண்டி. டம்ளர் இருக்கு தண்ணி?

டம்ளரில் பெயர் இல்லை. வாயில் இருக்கிறது. அதை எந்தப் பட்டறையில் தேய்ப்பது? ஜன்னலோரம் முகிலனின் முதுகு தெரிந்தது.

சாப்பிடும்போது கோமதியிடம், "டம்ளரை மாத்தியும் அடங்கலை," என்றேன்.

"உங்களுக்கு இப்பத்தான் தெரியுமாக்கும்," என்றாள். பொங்கலுக்கு முன்பே அவளுக்குத் தெரியுமாம். பையன்தான் "அப்பாகிட்ட சொல்லாதம்மா" என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். "பேரைக் கேலி பண்றாங்கன்னு அழுதான். நீங்க போய்ப் பிள்ளைகளை அடிப்பீங்க, டீச்சர் வேலை போயிரும்னு பயந்தான்."

"நான் ஏன் அடிக்கிறேன்?"

"ரசம் ஊத்தவா?"

"ரசம் கிடக்கட்டும். இப்ப என்ன செய்யணுங்கிற?"

"அதுங்க என்ன உங்க சொத்தையா கேட்டுச்சு? தண்ணிதானே கேக்குது."

பிப்ரவரி 4, புதன்

தவசிலிங்கத்தின் கடைக்குப் போனேன். நான் அந்தப் படி ஏறி ஒன்பது வருஷம். செக்கில் விழுந்த எலியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"வாங்க பாண்டி. என்ன, வழி தவறிட்டீங்களா?"

"உங்க தொட்டி மனுவில கையெழுத்துப் போட்டுட்டேன் அண்ணாச்சி. ஆண்டு விழாவுக்குள்ள தண்ணி வரணும்."

மனுவை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கமும் பார்த்தார். "இதுல என்ன உள்குத்து?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாம நீங்க தும்மக்கூட மாட்டீங்களே."

"பிள்ளைங்க தாகமா இருக்கு."

"ஐப்பசியில இல்லாத தாகமா?"

இதற்குத்தான் நான் இவர் கடைக்கு வருவதில்லை. கிளம்பும்போது ஒன்று கேட்டேன். தொட்டியில் எழுத்தைக் கொஞ்சம் அடக்கமாகப் போடலாமே என்றேன்.

"ஒரு அடி எழுத்து. அதுவும் சிவப்புல," என்றார்.

"அரை அடி?"

"ஒரு அடி, பாண்டி."

சரி என்றேன். என் வாழ்க்கையில் முதல் பேரத்திலேயே சரி என்று சொன்னது இதுதான். முழங்கால் மறுபடி வலிக்கிறது. அந்தக் கடைப்படி உயரம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

தண்ணீர் வந்துவிட்டது. எழுத்து உண்மையிலேயே பஸ் ஸ்டாண்டிலிருந்து தெரிகிறது.

பிப்ரவரி 13, வெள்ளி

ஆண்டு விழா. முன்வரிசையில் நான், பக்கத்தில் தவசிலிங்கம். இரண்டு வருஷத்துக்கு வேண்டிய எண்ணெய் வாடையைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாம் வகுப்பு மேடையில் வட்டமாக உட்கார்ந்தது. முகிலன் வட்டத்தில் எங்களுக்கு நேரே. டீச்சர் புதுப் பாட்டு ஒன்று எழுதிப் பழக்கியிருந்தது, மழை, குருவி என்று யாருக்கும் வம்பில்லாத பாட்டு. பிள்ளைகள் தட்டின, தள்ளின, சும்மா இருந்தன. நாற்பது டம்ளரும் ஒரே நேரத்தில் தரையில் விழும் சத்தம் நன்றாகத்தான் இருந்தது. முகிலனும் தட்டினான். பிசகவில்லை.

மூன்றாவது சுற்றில் டீச்சர் வேகத்தைக் கூட்டியது. வேகம் கூடியதும் மழையும் குருவியும் பிள்ளைகளுக்கு மறந்துவிட்டன. வாய்க்கு எது பழக்கமோ அது வந்துவிட்டது.

உபயம் சங்கர பாண்டி. டம்ளர் இருக்கு தண்ணி?

எல்லாரும் சும்மா. மேடையில் ஒரு கை அசையவில்லை. மண்டபத்திலும் ஒரு சத்தம் இல்லை. சங்கத்து உறுப்பினர்கள் அத்தனை பேரும் என் பிடரியைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. முகிலன் டம்ளரைக் கீழே வைத்தான். ஒரு கையைத் தரையில் ஊன்றினான், எழுந்திருக்க.

"வந்துருச்சு," என்றேன்.

சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன். மேடைவரை கேட்டது. விழா கெட்டுப்போகக் கூடாதென்று சொன்னது. வேறொன்றும் இல்லை.

பேச்சிப்பிரியா மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. விரலை நீட்டி, "முகிலன் அப்பா சும்மாவில பேசிட்டாங்க. அவுட்டு," என்றது.

மண்டபமே சிரித்தது. தவசிலிங்கம் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. என்னைப் பார்த்துச் சிரித்த இடத்தில் நான் ஒரு நிமிஷம் நின்றது கிடையாது. தம்பி கல்யாணத்தில்கூட அப்படி ஒரு சிரிப்புக்காகப் பந்தியிலிருந்து எழுந்து வந்தவன். கால் தானாகவே முன்னால் வந்துவிட்டது.

முகிலன் முழுதாக எழுந்திருக்கவில்லை. பாதி எழுந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எழுந்து போகிறானா என்று நான் பார்க்க, நான் எழுந்து போகிறேனா என்று அவன் பார்த்தான்.

நாற்காலி நல்ல நாற்காலி. உட்கார்ந்திருந்தேன்.

அவனும் உட்கார்ந்தான். டம்ளரை எடுத்தான். அவன் தட்டியதும் மற்றவர்கள் தட்டினார்கள். உபயம் சங்கர பாண்டி. இந்தத் தடவை அவன் வாயும் அசைந்தது. டம்ளர் இருக்கு தண்ணி? அந்தச் சும்மாவில் நாற்பது பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பின்வரிசையிலிருந்து எவனோ "வந்துருச்சு" என்று கத்தினான். அடுத்த சுற்றில் மண்டபம் முழுக்கக் கத்தியது. அத்தனை பேரும் அவுட்.

முடிந்ததும் டீச்சர் பக்கத்தில் வந்து நின்றது. மன்னிப்புக் கேட்கப் போகிறதென்று நினைத்தேன்.

"சார், நல்ல இடத்துலதான் சொன்னீங்க. ஆனா அரைத் தட்டு முந்திட்டீங்க."

பிப்ரவரி 22, ஞாயிறு

தேர்தல். தவசிலிங்கம் ஜெயித்தார். தொட்டி எழுத்துதான் காரணம், சந்தேகமே இல்லை. அந்த எழுத்துக்குக் கையெழுத்துப் போட்ட முட்டாளை எனக்கு நன்றாகத் தெரியும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

தலைவர் மாறினால் பள்ளிச் செயலாளரும் மாற வேண்டும். பொறுப்பை ஒப்படைக்கும் முன் மேசையைக் காலி செய்தேன். டீச்சரின் நிரந்தரக் கோப்பு அடியில் கிடந்தது. மார்ச்சில் பார்க்க வேண்டியது. தவசிலிங்கம் பார்த்தால் தான் கொடுத்த வேலை என்று ஊரெல்லாம் சொல்லுவார். அந்தப் பெயரை அவருக்கு விடுவானேன் என்று நானே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 26, வியாழன்

சாயங்காலம் முகிலன் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே கடைக்கு வந்தான். புத்தகப் பை முதுகில், கையில் டம்ளர். சிந்தாமல் இருக்க உள்ளங்கையால் மூடிப் பிடித்திருந்தான். பரணில் கிடந்த நாற்பதில் ஒன்று. எப்போது ஏறி எடுத்தான், எத்தனை நாளாகப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறான், தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

"தொட்டித் தண்ணிப்பா. குடிச்சுப் பாருங்க."

பஜார் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்திருக்கிறான். பாதிதான் மிச்சம். சுப்பையா தலையைக் குனிந்துகொண்டு எதையோ வெட்டிக்கொண்டிருந்தான். அவன் தோள் குலுங்கியது.

என் பெயர் வெட்டிய டம்ளர். தவசிலிங்கத்தின் தண்ணீர்.

லேசாக எண்ணெய் வாடை அடிக்கிற மாதிரி இருந்தது. முழுசும் குடித்தேன்.